மலைக்குப் போன மேஜர்

2019 ஜனவரி 2 அன்று லாகூரில் மேஜர் ஜெஃப்ரி லாங்லேண்ட்ஸ் காலமானார். அப்போது அவருக்கு வயது 101. பிறப்பால் ஆங்கிலேயர். பாகிஸ்தானில் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தவர். அதில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வகுப்பறையிலும் தலைமையாசிரியர் அறையிலுமே கழிந்தன. மறைவுச் செய்தி வெளியிட்ட பத்திரிகைகள் பலவும் அவரை ‘இம்ரான் கானின் ஆசிரியர்’ என்றே அறிமுகப்படுத்தின. இம்ரான் பாகிஸ்தானின் பிரதமராகிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. தலைப்புக்கு அது வசதியாக இருந்தது.

அந்த அறிமுகம் எனக்கு அன்றும் உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. லாகூரின் எச்சிசன் கல்லூரியில் சிறுவன் இம்ரான் அவரிடம் படித்தது உண்மைதான். ஆனால், ஒரு மனிதர் தன் அறுபத்தோராம் வயதில், வேறு யாராக இருந்தாலும் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில், பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் பள்ளியை விட்டுவிட்டு ஆப்கானிஸ்தான் எல்லையோர மலைகளுக்குப் போனார். அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் வாழ்க்கையின் கனமான பகுதி அதுதான். பிரதமரின் பெயரை முன்னால் வைத்ததும் அந்தப் பகுதி பின்னால் போய்விடுகிறது.

‘ராணுவ அதிகாரி ஆசிரியரான கதை’ என்று இதைச் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். லாங்லேண்ட்ஸ் முதலில் ஆசிரியர். 1917 அக்டோபர் 21-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில், இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். அடுத்த ஆண்டு உலகையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய்க்கு அவருடைய தந்தை பலியானார். தாய் பிள்ளைகளோடு பிரிஸ்டலில் இருந்த தன் பெற்றோர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். லாங்லேண்ட்ஸுக்குப் பன்னிரண்டு வயதானபோது தாயும் புற்றுநோயில் போய்விட்டார். அதன் பிறகு அவர் படித்த படிப்பெல்லாம் மற்றவர்கள் கைதூக்கி விட்டதால் கிடைத்த படிப்பு. டான்டன் நகரின் கிங்ஸ் கல்லூரிப் பள்ளியில் படித்து முடித்ததும், 1936-ல் லண்டனை ஒட்டிய கிராய்டனில் சிறுவர்களுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. பிறர் தயவில் படித்த பிள்ளை, படிப்பு முடிந்த கையோடு பாடம் சொல்லித்தர உட்கார்ந்துவிட்டது.

1939-ல் போர் மூண்டது. சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். பிறகு கமாண்டோ படைக்குப் போனார். 1942 ஆகஸ்ட் 19-ல் பிரான்ஸின் தியெப் துறைமுகத்தின் மீது நேச நாடுகள் நடத்திய தாக்குதலில் பங்கேற்றார். இரண்டாம் உலகப் போரின் மிக மோசமான தோல்விகளில் ஒன்று அது. இறங்கிய சுமார் ஆறாயிரம் பேரில், பெரும்பாலும் கனடா நாட்டவர், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே காலைப்பொழுதில் செத்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அதில் உயிரோடு திரும்பியவர் 1944-ல் இந்தியாவுக்கு வந்தார். இங்கே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் அதிகாரியானார்.

1947-ல் நாடு இரண்டானபோது படையும் இரண்டானது. ரெஜிமென்ட்டுகள், துப்பாக்கிகள், சமையல் பாத்திரங்கள் வரை பங்கு பிரித்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகளில் பெரும்பாலோர் கப்பலேறினார்கள். இரு நாடுகளின் படைகளுக்கும் பயிற்சி கொடுக்க ஒப்பந்தத்தில் சிலர் தங்கினார்கள். லாங்லேண்ட்ஸ் பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தொடங்கிய பணி ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. அந்த ஆண்டுகளில் அவர் செய்ததும் கற்பிக்கும் வேலைதான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் சீருடை அணிந்திருந்தார்கள், அவ்வளவே. 1950-களின் நடுவில் பிரிட்டிஷ் அதிகாரிகள் விடைபெறும் நேரம் வந்தது. அப்போது தலைமைத் தளபதியாக இருந்த அயூப் கான், இவர் திரும்பிப் போக வேண்டாம், ஆசிரியராக இங்கேயே இருக்கட்டும் என்று எச்சிசன் கல்லூரியில் வேலைக்கு வழி செய்தார்.

எச்சிசன் 1886-ல் பஞ்சாபின் குறுநில மன்னர்கள், ஜமீன்தார்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்காக ஆங்கிலேயர்கள் தொடங்கிய நிறுவனம். பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது பள்ளிக்கூடம்தான். விரிந்த புல்வெளிகள், குதிரைகள், கிரிக்கெட் மைதானங்கள், தலைப்பாகைச் சீருடை எனப் பெருமைக்குக் குறைவில்லாத இடம். அங்கே கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து, விடுதிப் பொறுப்பாளராக இருந்து, சிறுவர் பிரிவின் தலைமையாசிரியராக உயர்ந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். பின்னாளில் பிரதமரான ஸஃபருல்லா கான் ஜமாலியும் இம்ரானும் மட்டுமல்லாமல், அமைச்சர்கள், தளபதிகள், பழங்குடித் தலைவர்கள் என்று ஒரு நாட்டின் ஆளும் வட்டமே அவரிடம் வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறது. லாங்லேண்ட்ஸ் மறைந்தபோது இம்ரான் எழுதிய இரங்கலில் கணக்குப் பாடம் பற்றிய பேச்சில்லை. காரகோரம் நெடுஞ்சாலை வருவதற்கு முந்தைய அந்தக் காலத்தில், மலையேற்றத்தின் மீதும் வடபகுதிகளின் மீதும் தனக்குப் பற்றை உண்டாக்கியவர் அவர் என்றே நினைவுகூர்ந்தார். லாகூரின் சமவெளியில் இருந்தபடியே மேஜரின் மனம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

1979 ஏப்ரலில் அவர் வடக்கு வஜீரிஸ்தானின் ரஸ்மக்குக்குப் போனார். எல்லைப்புற மாகாண அரசு அங்கே தொடங்கியிருந்த கேடட் கல்லூரிக்கு முதல்வர் தேவைப்பட்டார், கேட்டார்கள், போனார். இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே உள்ள ரஸ்மக், பிரிட்டிஷ் காலத்தின் பெரிய எல்லைப்புறப் படைமுகாம்களில் ஒன்று. அங்கு குடியிருந்த சிப்பாய்கள் அதைக் ‘குட்டி லண்டன்’ என்று அழைத்தார்கள். முள்வேலிக்கு வெளியே வஜீர், மஹ்சூத் பழங்குடியினர். உள்ளே ஆயிரக்கணக்கான துருப்புகள். தங்களை எதிர்த்துக் கிளர்ச்சி நடத்திய பழங்குடித் தலைவரான இபியின் ஃபக்கீரைப் பிடிப்பதற்காக 1936-லிருந்து பிரிட்டிஷ் படை பல ஆண்டுகள் அந்த மலைகளைச் சல்லடையாகச் சலித்தது. விமானத்திலிருந்து குண்டு போட்டது. கடைசிவரை அவர் பிடிபடவே இல்லை. 1947-ல் படை வெளியேறியது. அதே நிலத்துக்கு, அதே படையிலிருந்து வந்த ஓர் ஆங்கிலேயர், மஹ்சூத், வஜீர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பள்ளியின் முதல்வராகப் போய் இறங்கினார். துப்பாக்கி இல்லாமல் போனார். அந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. பிள்ளைகளை அவர்கள் அனுப்பிவைத்தார்கள் என்பதே பதில்.

அவர் போன எட்டே மாதத்தில், 1979 டிசம்பரில், சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. வடக்கு வஜீரிஸ்தான் முழுவதும் சோவியத் படையை எதிர்த்த முஜாஹிதீன்களின் பின்வாசலாக மாறியது. மீரான்ஷா நகர் வழியாக ஆயுதங்கள் போயின, அகதிகள் வந்தார்கள். ஒரு தலைமுறைச் சிறுவர்களின் கைக்குக் கலாஷ்னிகோவ் சுலபமாக எட்டிய காலம் அது. சோவியத் படை 1989 பிப்ரவரியில் வெளியேறியது. லாங்லேண்ட்ஸ் அதே ஆண்டு செப்டம்பரில் ரஸ்மக்கை விட்டுக் கிளம்பினார். அதாவது அந்தப் போரின் தொடக்கம் முதல் முடிவு வரை, போரின் விளிம்பில் அமர்ந்து, காலை மணியடித்து, வருகைப் பதிவேடு எடுத்து, தேர்வு வைத்து, விடுதியில் சோறு போட்டு ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினார். அந்தப் பத்தாண்டுகளில் அப்பகுதிக்கு வந்த டாலர்கள், ஏவுகணைகள் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. பக்கத்திலேயே நடந்த பள்ளியைப் பற்றி எழுத ஆள் குறைவு.

1988-ல் அவரையே கடத்திக்கொண்டு போனார்கள். தேர்தல் முடிவில் அதிருப்தியடைந்த உள்ளூர்ப் பழங்குடியினர், அரசாங்கத்தை மிரட்ட எழுபதைத் தாண்டிய தலைமையாசிரியரைப் பிணையாகப் பிடித்தார்கள். மலைக்குள் ஆறு நாள் வைத்திருந்துவிட்டு விடுவித்தார்கள். வந்தவர் லாகூருக்கும் போகவில்லை, லண்டனுக்கும் போகவில்லை. திரும்ப ரஸ்மக்குக்குத்தான் போனார். அடுத்த ஆண்டு அவர் இடம் மாறியபோது போன இடம் அதைவிடத் தொலைவானது.

சித்ரால். பாகிஸ்தானின் வடமேற்கு மூலை. தலைக்கு மேலே 7,708 மீட்டர் உயரத்தில் திரிச் மீர் சிகரம். 1969 வரை மேத்தர் எனப்பட்ட மன்னர்கள் ஆண்ட சமஸ்தானம். மக்கள் பேசுவது கோவார் மொழி. ஊருக்குள் போகப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது. பத்தாயிரம் அடிக்கு மேலே உள்ள லோவாரி கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் போக வேண்டும். குளிர்காலம் வந்தால் பனி அந்த வழியையும் மூடிவிடும். பிறகு மாதக்கணக்கில் அரிசி முதல் மண்ணெண்ணெய் வரை எல்லாம் விலையேறும். பெஷாவரிலிருந்து வரும் சிறிய விமானம், வானம் வழிவிட்ட நாளில் மட்டும் இறங்கும். அவசரம் என்றால் ஆப்கானிஸ்தானின் குனார் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், அல்லது பனியில் நடந்து கணவாயைக் கடக்க வேண்டும். அப்படிக் கடக்கப் போய்ப் பனிச்சரிவில் புதைந்தவர்கள் பலர். லோவாரி சுரங்கப்பாதை வேலை 1975-ல் தொடங்கி, அடுத்த ஆண்டே நின்று, முப்பது ஆண்டுக்குப் பிறகு உயிர்பெற்று, 2017-ல்தான் திறக்கப்பட்டது. லாங்லேண்ட்ஸ் அங்கே பள்ளி நடத்திய காலம் முழுக்கவும் அந்தச் சுரங்கம் முடியாமலேதான் கிடந்தது.

இப்படி ஓர் ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இல்லையென்றால் என்ன ஆகும்? வசதியுள்ள வீட்டுப் பையன் பெஷாவருக்குப் போவான். பனி விழுந்தால் வசந்தம் வரை வீட்டுப் பக்கம் வர முடியாது. வசதியில்லாத பையன் கிடைத்த வகுப்போடு நிற்பான். பெண் பிள்ளையை யார் கணவாய் தாண்டி அனுப்புவார்கள்? ஆக, சித்ராலுக்குள்ளேயே ஒரு தரமான பள்ளி வருவது பையன்களுக்கு வசதி, பெண்களுக்கு ஒரே வாய்ப்பு. 1988-ல் மாவட்டத் துணை ஆணையர் முயற்சியில் அங்கே ஒரு தனியார் பள்ளி தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு லாங்லேண்ட்ஸ் அதன் முதல்வராக வந்தார். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது ஆகப் போகிறது. எண்பது பிள்ளைகள் அளவில் இருந்த பள்ளி அவர் காலத்தில் எண்ணூறைத் தாண்டியது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பெண். பின்னாளில் அந்தப் பள்ளிக்கே லாங்லேண்ட்ஸ் பெயர் வைத்தார்கள்.

அவரைப் பார்க்கச் சித்ரால் போன செய்தியாளர்கள் தவறாமல் எழுதிய காட்சி ஒன்று உண்டு. காலையில் ஓட்ஸ் கஞ்சி, வெந்நீரில் உடைத்து வேகவைத்த முட்டை, இரண்டு கோப்பைத் தேநீர். பிளேஸர், கழுத்தில் டை. சுற்றிலும் இந்துகுஷ் மலைகள். இந்தக் காட்சியை ‘கடைசி வெள்ளைக்காரத் துரை’ என்கிற வேடிக்கைப் படமாக வரைந்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். தேநீர் முடிந்து அந்த டையோடு அவர் எங்கே போனார் என்பதல்லவா முக்கியம்! பள்ளிக்குப் போனார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் போனார். கட்டணத்தைச் சித்ரால் குடும்பங்களால் கட்ட முடிகிற அளவிலேயே வைத்திருந்தார். தனக்கென்று எடுத்துக்கொண்டது மிகக் கொஞ்சம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீடு கிடையாது. ஓய்வுபெற்ற பின் அவர் வாழ்ந்தது, பழைய எச்சிசன் வளாகத்திலேயே அவருக்கு ஒதுக்கித் தந்த சிறு குடியிருப்பில்.

ராணுவம் அவருக்கு என்ன கொடுத்தது என்று கேட்டால், நம் ஊரில் சட்டென்று வரும் பதில் ‘கண்டிப்பு’. பட்டாளத்துக்காரர் பள்ளிக்கு வந்தால் பிள்ளைகள் அடங்கி ஒடுங்கி இருப்பார்கள் என்பது இங்கே வேரூன்றிப் போன எண்ணம். பல தனியார் பள்ளிகள் அதை விளம்பரமாகவே போடுகின்றன. லாங்லேண்ட்ஸின் வாழ்க்கையில் எனக்குத் தெரிவது வேறு. சொன்ன இடத்துக்குப் போவது. போன இடத்தைக் குறை சொல்லாமல் இருப்பது. மாற்று ஆள் வரும்வரை நிலையை விட்டு நகராமல் இருப்பது. காவல் பணியில் நிற்கும் சிப்பாய்க்குக் கற்றுக்கொடுக்கும் பாடம் இது. இதைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். பிரம்பைக் கொண்டுவர ராணுவம் தேவையில்லை. அது ஏற்கெனவே எல்லாப் பள்ளியிலும் இருந்தது. தொலைதூரப் பள்ளிகளுக்கு இல்லாதது தங்கிப் பணியாற்றும் ஆசிரியர். நியமன உத்தரவு வாங்கிய நாளிலேயே மாறுதலுக்கு மனு எழுதத் தொடங்கும் வழக்கம் எந்த நாட்டு மலைக் கிராமத்துக்கும் தெரிந்ததுதான்.

அவரைப் போற்றுபவர்கள் சொல்லாமல் விடுகிற பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கட்டணம் குறைவு என்றால் ஆசிரியர் சம்பளமும் குறைவு. சம்பளம் குறைந்தால் நல்ல ஆசிரியர்கள் நிலைக்க மாட்டார்கள். அவருடைய கடைசி ஆண்டுகளில் பள்ளியின் தரம் சரிந்தது, கட்டடங்கள் பழுதாயின. தொண்ணூறைக் கடந்தவர் ஒருவர் தனியாகத் தாங்கக்கூடிய சுமை அல்ல அது. 2013 வாக்கில் பொறுப்பை ஒப்படைத்தார். ஆனால் ஒப்படைத்த மனம் அமைதியாக இல்லை. 2015-ல், தொண்ணூற்றேழு வயதில், தனக்கு அடுத்து வந்த முதல்வரோடு ஏற்பட்ட பிணக்கு வெளியே வெடித்து, உலகப் பத்திரிகைகள் வரை போயிற்று. பிறகு தணிந்தது. அன்போடு கட்டியதை இன்னொருவர் கையில் விட்டுக்கொடுக்க அவர் சிரமப்பட்டார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சிரமத்துக்கான பழியை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. ஒரு மாவட்டத்தின் நல்ல பள்ளிக்கூடம், ஒரே ஒரு முதியவரின் ஆயுளை நம்பி நின்றது யார் குற்றம்? அவரிடம் படித்தவர்கள் நாட்டை ஆண்டார்கள். நிதி ஒதுக்கும் கோப்புகளில் கையெழுத்துப் போடும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஆசிரியரைக் கொண்டாடினார்கள், பதக்கம் கொடுத்தார்கள். பாகிஸ்தானின் உயர்ந்த குடிமக்கள் விருதுகளில் ஒன்றான ஹிலால்-இ-இம்தியாஸ் அவருக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ் அரசும் கௌரவித்தது. அவர் தேடிப்போன இடங்களுக்கு அரசின் கவனமும் பணமும் அதே வேகத்தில் போகவில்லை. 2009 ஜூனில், ரஸ்மக் கேடட் கல்லூரியின் மாணவர்களும் ஊழியர்களும் விடுமுறைக்குப் புறப்பட்ட வழியில் தாலிபான்களால் கடத்தப்பட்டார்கள். அவர்களில் பலரை ராணுவம் மீட்டது. லாங்லேண்ட்ஸ் பத்தாண்டு காவல் இருந்த பள்ளியின் பிள்ளைகள்தான் அவர்கள். மலைப்பகுதிப் பள்ளியைப் பாதுகாப்பது ஓர் ஆசிரியரின் தியாகத்துக்கு விட்டுவிடக்கூடிய காரியம் இல்லை என்பதற்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு வேண்டுமா?

இன்னொரு விமர்சனமும் கேட்பதுண்டு. பேரரசின் மிச்சம் அவர், ஆங்கிலேய மிடுக்கைச் சுமந்துகொண்டே வாழ்ந்தவர், சித்ரால் பிள்ளைகளுக்குக் கோவார் மொழியும் அவர்களுடைய பண்பாடும் போதாது என்பதுபோல ஆங்கிலத்தை ஊட்டினார் என்று. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் பேரரசு அந்த மலைகளில் கட்டியது கோட்டைகளையும் முகாம்களையும்தான். அதன் வேலை முடிந்ததும் கிளம்பிவிட்டது. இவர் பேரரசு போன பிறகு தங்கியவர். அதிகாரம் எதுவும் கையில் இல்லாமல், உள்ளூர்க்காரர்கள் அழைத்ததால் போனவர், அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒரு நாள்கூட நிற்க முடியாதவர். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க என்னால் முடியவில்லை.

லாகூரின் மிகப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் மேஜர் இல்லாவிட்டாலும் படித்திருப்பார்கள், பதவிக்கும் வந்திருப்பார்கள். எச்சிசனுக்கு ஆசிரியர்கள் எந்நாளும் கிடைப்பார்கள். ரஸ்மக்கிலும் சித்ராலிலும் அவரிடம் படித்த பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே இனி அவரைப் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான். ‘பிரதமரின் ஆசிரியர்’ என்று தொடங்காதீர்கள். ‘சித்ரால் பள்ளியின் தலைமையாசிரியர்’ என்று தொடங்குங்கள். பிரதமர் பெயர் வேண்டுமானால் கடைசிப் பத்தியில் வரட்டும்.